முப்பது விழுக்காடு பார்வை

சட்டத்தில் முதுகலைப் பட்டம் பெறுவது பெரிய காரியம். அதை இஸ்லாமியப் பார்வையில் பெறுவது அதைவிடப் பெரிய காரியம். ஆகவே மலேசியாவில் செலாயாங் பக்கமிருக்கும் அந்தப் பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழு, நீண்ட ஆலோசனைக்கும் இரண்டு சுற்று நாசி லெமாக் சோற்றுக்கும் பிறகு ஒரு தீர்மானம் போட்டது. முதுகலைச் சட்ட ஆய்வேடு ஒவ்வொன்றிலும் இஸ்லாமியப் பார்வை முப்பது விழுக்காடு இருக்க வேண்டும். குறைந்தால் மார்க்கப் பெரியவர்கள் கோபிப்பார்கள். கூடினால் உலகத் தரவரிசை போடுகிறவர்கள் கோபிப்பார்கள். முப்பது என்றால் இருவருமே பேசாமல் இருப்பார்கள் என்று கணக்கு.

அந்த வருடம் இஸ்லாமியப் பார்வைக்கு ஊரில் நல்ல மவுசு. கார் கழுவும் கடையில் அது இருந்தது, குடிதண்ணீர் பாட்டிலில் இருந்தது, பூனைத் தீனிப் பொட்டலத்தில்கூட இருந்தது. பல்கலைக்கழகத்தில் மட்டும் இல்லையென்றால் நாலு பேர் சிரிக்க மாட்டார்களா?

வான் ஹஃப்ஸா இதற்குள் வந்து மாட்டிக்கொண்டாள். அவள் மாநிலச் சமயத் துறையில் தற்காலிகச் சட்ட அலுவலர். நீதிமன்றப் படியேற வழியில்லாதவர்கள் அவள் மேசைக்கு வந்து முறையிடுவார்கள். பாதிப் பேருக்குப் பக்கத்து வீட்டோடுதான் தகராறு. சூப்புக்கு நல்ல விலை போகும் உழவாரன் குருவிக் கூடு எடுப்பதற்கென்று ஒருவன் ஜன்னலே இல்லாத மூன்று மாடி எழுப்பிவிடுவான். குருவியைக் கூப்பிட ஒலிபெருக்கியில் விடிய விடியக் கீச்சுக் கீச்சென்று போட்டுவிடுவான். பக்கத்து வீட்டுக்காரருக்குக் காற்றும் போயிற்று, தூக்கமும் போயிற்று. இதற்கு ஷரீஅத் சட்டத்தில் பதில் இருக்கிறதா என்று தேடப்போனவள் அசந்து போனாள். ஆயிரம் வருடத்துக்கு முன்பே பக்தாதிலும் கெய்ரோவிலும் காஜிகள் அடுத்த வீட்டு ஜன்னலுக்காகவும் புகைக்காகவும் தீர்ப்பு எழுதிக் குவித்திருந்தார்கள். அதையே ஆய்வேடாக எழுதினாள். துறை இயக்குநரும் ஒரே பேச்சாகச் சொல்லியிருந்தார்: "பட்டத்தோட வந்தா வேலை நிரந்தரம். இல்லாட்டி வருஷக் கடைசியோட சரி."

முதுகலைப் பிரிவின் முகப்பில் இருந்த ரொஸ்னானி அக்கா ஆய்வேட்டை முன்னும் பின்னும் புரட்டினார்.

"தங்கச்சி, இதுல இஸ்லாமியப் பார்வை எங்கே?"

"முழுக்க அதுதானேக்கா. புத்தகமே இஸ்லாமியச் சட்டம்."

"முழுக்க இருந்தா எனக்கு எப்படித் தெரியும்? தனியா ஒரு அத்தியாயமா இருந்தாத்தானே பச்சை மார்க்கர்ல கோடு போட முடியும்."

"எல்லாத்துலயும் கோடு போட்டுடுங்க."

"அப்ப நூறு விழுக்காடு வரும். கம்ப்யூட்டர் முப்பதுக்கு மேல வாங்காது. போன வாரம் ஒரு பையன் வந்தான், விமான நிலைய வாகன நிறுத்தச் சட்டம் எழுதியிருந்தான். ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் தலையில பிஸ்மி, கடைசியில ஒட்டகம் கட்டுறதைப் பத்திப் பதினஞ்சு பக்கம். சரியா முப்பது. நீயும் பார்த்து எழுதக் கூடாதா?"

விஷயம் இஸ்லாமியப் பார்வைக் குழுவின் தலைவரிடம் போனது. டத்தோ பட்டம் பெற்ற பேராசிரியர் ஷரஃபுதீன், கப்பல் காப்புறுதிச் சட்டத்தில் மேதை. இஸ்லாமியச் சட்டம் படித்தவரில்லை. படித்தவர்கள் நடுநிலை தவறிவிடுவார்கள் என்பதால்தான் அவரைத் தலைவராகப் போட்டிருந்தார்கள். ஹஃப்ஸாவின் மேற்பார்வையாளர் டாக்டர் ஸுபைதியும் கூட வந்து, கறிபாப் பலகாரத் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"பார்வைன்னா என்னம்மா?" என்று தொடங்கினார் டத்தோ. "பார்க்கிறது ஒண்ணு, பார்க்கப்படுறது ஒண்ணு. ரெண்டும் வேறவேறயா இருக்கணும். கண்ணு தன்னைத்தானே பார்க்குமா?"

"பார்க்காது, டத்தோ."

"அதைத்தான் சொல்றேன். உங்க ஆய்வேட்டுல பார்வை மட்டும் இருக்கு, பொருள் இல்லை. முதல்ல சட்டத்தை எழுதுங்க. அப்புறம் அதை இஸ்லாமியப் பார்வையில பாருங்க."

"சட்டமே இஸ்லாமியச் சட்டம் ஆச்சே."

"அதுல இருந்து இஸ்லாத்தை எடுத்துடுங்க. மிச்சம் சட்டம்தானே?"

வெளியே வந்ததும் ஹஃப்ஸா வெடித்தாள். "சார், ஒரு வார்த்தை பேசினீங்களா உள்ளே?"

"என்னத்தைப் பேச? என் பதவி உயர்வும் அதே மேசையிலதான் கிடக்கு," என்றார் ஸுபைதி. "வாதாடாதே. எடுன்னா எடு, போடுன்னா போடு. உனக்கு வேலை வேணுமா வேணாமா?"

வேண்டும். அதனால் உட்கார்ந்து எடுக்க ஆரம்பித்தாள். பக்தாதை 'ஒரு பெருநகரம்' ஆக்கினாள். காஜியை 'உள்ளூர் நீதிபதி' ஆக்கினாள். பெரிய பெரிய இமாம்களெல்லாம் 'அறிஞர் சிலர்' என்று சுருங்கிப் போனார்கள். ஒவ்வொரு பெயரை அழிக்கும்போதும் இறைவனிடம் மன்னிப்புக் கேட்டு வாய்க்குள் ஒரு அஸ்தக்ஃபிருல்லாஹ் சொன்னாள். இந்தப் பெயர்களைக் கற்கத்தான் அவள் அரபியோடு வருடக்கணக்கில் மல்லுக்கட்டியிருந்தாள்.

எடுத்து முடித்தபின் பின்பகுதியில் போட வேண்டிய முறை வந்தது. அண்டை வீட்டாருக்கு நன்மை செய்யச் சொல்லும் வசனம், பள்ளிவாசல் படம் ஒன்று, மார்க்கம் காட்டும் மனிதநேயம் என்று ஒரு முடிவுரை. கம்ப்யூட்டர் இருபத்தெட்டு என்றது.

"பின்பகுதி எழுத்தை மட்டும் கொஞ்சம் பெரிசாக்கு, தங்கச்சி," என்றார் ரொஸ்னானி அக்கா. பெரிதாக்கினாள். முப்பது வந்தது. அக்கா பச்சைக் கோடு போட்டு, மனநிறைவோடு முத்திரை குத்தினார்.

வாய்மொழித் தேர்வுக்கு வெளித் தேர்வாளராக இங்கிலாந்திலிருந்து திரையில் தோன்றினார் பேராசிரியர் கிரிம்ஷா. இஸ்லாமியச் சட்டத்திலேயே தலை நரைத்தவர். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பொறுமையாகக் கேட்டார்.

"முதல் பகுதியில் நீங்கள் பொதுச் சட்டம் என்று எழுதியிருப்பது பழைய கெய்ரோ காஜிகளின் தீர்ப்புகள் அல்லவா? அருமையான வேலை. ஆனால் பெயர்களையெல்லாம் யார் சுரண்டி எடுத்தது?"

ஹஃப்ஸா வாயைத் திறந்தாள். மேசைக்கு அடியில் ஸுபைதியின் செருப்பு அவள் காலை மிதித்தது. அதற்குள் டத்தோ எழுந்துவிட்டார்.

"கேட்டீங்களா எல்லாரும்? பொதுச் சட்டத்துக்குள்ளயே இஸ்லாம் ஒளிஞ்சு கிடக்குதாம். நாம சொன்னா யார் நம்புவா? வெள்ளைக்காரர் வாயாலயே வந்துடுச்சு. அப்படியே குறிப்புல ஏத்துங்க."

"நான் கேட்டது அதுவல்ல," என்றார் கிரிம்ஷா. அதைக் குறிப்பில் ஏற்றவில்லை. கைதட்டலில் அவர் குரல் யாருக்கும் கேட்கவுமில்லை. சிறப்புத் தேர்ச்சி என்று அறிவித்துவிட்டு எல்லாரும் தே தாரிக் குடிக்கப் போனார்கள். ஹஃப்ஸா தன் காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். எப்படியோ போகட்டும், பட்டம் கைக்கு வந்துவிட்டது.

சான்றிதழில் தங்க எழுத்தில் இருந்தது: சட்ட முதுகலை (பொது), இஸ்லாமியப் பார்வை முப்பது விழுக்காடு.

அதை எடுத்துக்கொண்டு சமயத் துறை நேர்முகத்துக்குப் போனாள். வேலை நிரந்தரம் என்று பேசிய இயக்குநர் மாற்றலாகிப் போயிருந்தார். அவர் இடத்தில் புதியவர், இரு பக்கமும் இரண்டு தாடி.

"முப்பதுன்னு போட்டிருக்கே. மிச்சம் எழுபது?" என்றார் வலப்பக்கத்துத் தாடி.

"அதுவும் இஸ்லாமியச் சட்டம்தான், உஸ்தாஸ்."

"சான்றிதழ் அப்படிச் சொல்லலியே." ஆய்வேட்டைப் பிரித்தார். "உள்ளூர் நீதிபதி ஒருவர், அறிஞர் சிலர்... யாரும்மா இவங்க? ஷரீஅத் சட்ட அலுவலரா வர்ற பொண்ணுக்கு நாலு இமாம் பேர் தெரிய வேணாமா?"

ஹஃப்ஸாவுக்கு முகம் சிவந்தது. எந்த ஊர்க் காஜி, எந்த மத்ஹபுப் பிரிவு, எந்த ஜன்னல் வழக்கு, என்ன தீர்ப்பு என்று ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினாள். அரபியில் சொன்னாள், மலாயில் விளக்கினாள், மூச்சு வாங்கியபோதுதான் நிறுத்தினாள். மூவரும் மரியாதையாகக் கேட்டார்கள்.

"நல்ல ஞாபகசக்தி," என்றார் புதிய இயக்குநர். "அல்லா பரக்கத் செய்யட்டும். ஆனா இந்த வேலைக்கு நூறு விழுக்காடு கேட்டிருக்கோம். உங்ககிட்ட எழுபது குறையுதே, நாங்க என்ன செய்ய?"

வருடக் கடைசியில் ஹஃப்ஸா தன் மேசையைக் காலி செய்தாள். குருவிக் கட்டடங்களின்மேல் வந்த முறையீடுகள் அதே மேசையில் அப்படியே கிடந்தன.

அந்தப் பதவிக்குத் தகுதியானவர் ஒருவரும் கிடைக்கவில்லை என்று துறை அறிக்கை விட்டது. மறுநாள் பத்திரிகையிலும் வந்தது. சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து நாமெல்லாம் அதைப் படித்தோம். இந்தக் காலத்துப் பிள்ளைகளில் யார் மார்க்கச் சட்டத்தையெல்லாம் மெனக்கெட்டுப் படிக்கிறார்கள் என்று ஒருவருக்கொருவர் சொல்லிப் பெருமூச்சு விட்டோம். பிறகு இன்னொரு ரொட்டி சானாய் கொண்டுவரச் சொன்னோம்.