தயிர்ச் சட்டிக்குள்ள வந்த அரசாங்கம்

மண்டூருக்குப் போய் ஒரு சட்டி எருமைத் தயிர் வாங்கி வரணும். அண்டைக்கு எனக்கிருந்த வேலை அவ்வளவுதான்.

மனிசிட தங்கச்சியைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் பகல் சாப்பாட்டுக்கு வாறாங்க. எங்கட பக்கம் கலியாணம் முடிச்சா ஆம்பிளைதான் பெண் வீட்டுக்குப் போய் இருக்கிறது. அதனால களுதாவளையில, மாமாட கண்ணுக்கு முன்னாலதான் என்ட சீவியம்.

"வழியெல்லாம் சென்றி, மறிச்சு மறிச்சுச் சோதிக்கிறாங்க. தயிர் வந்து சேருமா மருமகன்?" எண்டார் மாமா.

நான் விடுவனா? புது அரசாங்கத்துக்கு வோட்டுப் போட்டவனல்லவா!

"ரேடியோவில கேக்கல்லையா மாமா? வரி குறையுமாம். அரசாங்கம் சின்னதாகுமாம். இனி சனத்திட சாமானில கை வைக்க மாட்டாங்களாம்!"

"பாப்பம்" எண்டார்.

மண்டூரில தயிரை வாங்கி, அந்தப் பக்கத்தை வச்சிருந்த இயக்கப் பொடியன்மாருக்கு வரி கட்டினன். அவங்க வரி குறைப்பம் எண்டு ஒருநாளும் சொன்னதில்லை. அதால எனக்குக் கோவமுமில்லை.

படகில வாவி கடந்து இறங்கினா ஆமி சென்றி. தயிருக்குள்ள குண்டிருக்கா எண்டு பார்க்க ஒருத்தன் துருப்பிடிச்ச கம்பியைத் தூக்கினான். எனக்கு உயிரே போச்சு!

"ஐயோ மாத்தயா, பொறுங்க!" எண்டு ஓடிப்போய், பக்கத்துக் கடையில ஒரு கரண்டி வாங்கிக் குடுத்தன். என்ட மூளையை நானே மெச்சிக்கொண்டன்.

கரண்டி கைக்கு வந்ததும் சோதனை சாப்பாடாப் போச்சு. அவன் ருசி பார்த்து, "ஹொந்தாய்!" எண்டான், நல்லாயிருக்காம். பின்னால நிண்டவனும் வந்து சோதிச்சான்.

அடுத்தது பொலிஸ்.

"இப்பத்தான் சோதிச்சவங்க சேர்!"

"அது ஆமி. நாங்க வேற டிப்பார்ட்மென்ட். கரண்டியைத் தாரும்."

ஊர்ச் சந்திக்கு வந்தா இன்னொரு சென்றி! மணல் மூட்டை இன்னும் அடுக்கி முடியல்ல.

"விடிய வெள்ளணா போகக்குள்ள இது இல்லையே ஐயா?"

"புதுசு. மேலிடத்து உத்தரவு" எண்டு சொல்லிக்கொண்டே அங்க நிண்டவர் கரண்டியால சட்டியை வழிச்சார். "தயிருக்கு ஊத்தப் பாணி கொண்டரல்லையா?"

"மறந்திட்டன் ஐயா, மன்னிச்சிக்கங்க" எண்டன். வெக்கம் கெட்டவன் நான்! அழுகையே வந்திட்டு.

வீட்டில மாப்பிள்ளை வீட்டார் சாப்பிட்டு, தயிருக்காக இலையில கொஞ்சம் சோறு மிச்சம் வச்சுக் காத்திருக்கிறாங்க. மனிசி என்னைப் பார்க்கிறா. மாமா சட்டியை வாங்கிக் கட்டவிழ்த்தார். உள்ளுக்குக் கரண்டி மட்டும் கிடக்குது.

மாமா சபையைப் பார்த்தார். பிறகு சட்டியைத் தட்டிப் பார்த்தார்.

"சட்டியில கை வைக்கல்லையே! உங்கட கட்சி சொன்ன சொல்லைக் காப்பாத்தியிருக்கு மருமகன்."