இரும்பு மாத்திரையும் எள்ளளவு கல்லும்

என் சுண்டெலிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதித்தான் எனக்குப் பழக்கம், அதனால் எழுதிவிட்டேன், நீ நம்ப வேண்டாம்.

உன் சாமான்களை எடுத்துப்போக வரும்படி உன் ஆராய்ச்சிக்கூடத்து சார் சொல்லி அனுப்பினார், போனேன். தரையில் மஞ்சள் கோடு, கோட்டுக்கு அந்தப் பக்கம் தண்ணீர்த் தொட்டி உயரத்துக்குப் பளபளவென்று உன் காந்தம், புஸ்ஸென்று மூச்சு வேறு விடுகிறது. "சாவி, போன், ஊக்கு எல்லாம் இங்கயே வெச்சிடுங்கம்மா, இழுத்துக்கும்" என்றான் உன்கூட வேலை பார்த்த கண்ணாடிக்காரன். ஊக்குகளைக் கழற்றிவிட்டு, ஒரு கையால் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"தம்பி, நான் இரும்புச் சத்து மாத்திரை சாப்பிடறேன், பரவாயில்லையா?"

"அதெல்லாம் இழுக்காதும்மா."

"தினமும் சாப்பிடறேன்."

"இழுக்காதும்மா."

"எதுக்கும் கொஞ்ச நேரம் அணைச்சு வையேன்."

"இதை அணைக்கிறதே இல்லம்மா."

அணைக்காத ஒன்றின் பக்கத்திலா பெற்ற பிள்ளையை விட்டுவைத்தேன் என்று இரண்டடி பின்னால் போனேன். உன்னைக் கொண்டுபோனது அந்த லாரிதான், இது இல்லை என்று எனக்குத் தெரியும், பயத்துக்குத் தெரியவில்லை.

கண்ணாடிக்காரன்தான் விளக்கினான்: நீயே உலையில் வளர்த்துக் கடைசியாக வைத்த எள்ளளவு கறுப்புக் கல் இன்னும் அந்தக் காந்தத்துக்குள்தான் இருக்கிறதாம். கடுங்குளிரில் அதில் எலக்ட்ரான்கள் ஜோடி சேர்ந்து, மின்சாரம் தடையே இல்லாமல் ஓடுமாம். ஜோடி ஒரே பக்கம் பார்க்கிறதா, எதிரும் புதிருமா என்பதுதான் சண்டையாம். உங்கப்பாவையும் என்னையும் கேட்டிருந்தால் எதிரும் புதிரும்தான் என்று அன்றைக்கே சொல்லியிருப்போம். ரேடியோ அலையால் தட்டினால் கல்லின் அணுக்கரு பதில் குரல் கொடுக்குமாம். குளிரில் குரல் இறங்கினால் எதிரும் புதிரும், மாறாமல் நின்றால் ஒரே பக்கம். மாறவில்லை என்று சார் எழுதி அச்சாகிவிட்டது. நீதான், தட்டுகிற தட்டிலேயே கல் சூடாகிக் குளிர் கலைந்துவிடுகிறது, மெல்லத் தட்டிப் பார்க்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாயாம். இது எனக்குச் சட்டென்று புரிந்தது. உன் அத்தை மணிக்கொரு தரம் போன் பண்ணி, "தூங்கினீங்களா அண்ணி?" என்று எழுப்பிவிட்டு, "பாவம், அண்ணிக்குத் தூக்கமே இல்ல" என்று ஊரெல்லாம் சொல்கிறாள்.

அப்புறம் சார் வந்தார். "அந்தக் கல்லை ஞாபகமா நீங்களே வெச்சுக்கங்கம்மா, எடுத்துத் தரச் சொல்றேன்" என்றார். நீ வளர்த்த கற்களில் உடையாமல் தேறியது அது ஒன்றுதானாம், அதை எடுத்துவிட்டால் நீ சொன்னது நிஜமா என்று பார்க்கவே முடியாதாம். சாருக்குக் கேட்காமல் கண்ணாடிக்காரன்தான் இதைச் சொன்னான். யார் சண்டை எப்படிப் போனால் எனக்கென்ன, அதை வைத்தது உன் கை. கொடுங்கள் என்றேன். நாளைக்குத் தருகிறார்களாம், மூக்குத்தி டப்பாவைத் துடைத்து வைத்திருக்கிறேன். வாங்கிக்கொண்டு வந்துவிட்டால் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டேன்.

தீர்க்காயுசாக இரு என்று கை தானாக எழுதிவிட்டது. அடிக்க மனம் வரவில்லை, இருக்கட்டும்.

இப்படிக்கு,
அம்மா

பின்குறிப்பு: மேலே எழுதியதைக் கணக்கில் எடுக்காதே. டப்பாவில் போட்டு மூடினால் நீ சொன்னதையும் சேர்த்து மூடினதாகிவிடும் என்று ராத்திரி தோன்றியது, காலையில் போய்க் கல் வேண்டாம் என்றுவிட்டேன். "மெல்லத் தட்டச் சொல்லுங்க சார், நான் இங்கயே உக்காந்திருக்கேன்" என்றேன். அவர் முகம் தொங்கிப்போனது, ஆனாலும் தலையாட்டினார். கண்ணாடிக்காரன் ஆரம்பித்துவிட்டான், கோட்டுக்கு இந்தப் பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். காந்தப் பயம் போய் இப்போது வேறு பயம். நீ சொன்னது தப்பு என்று வந்துவிட்டால், அதை உன்னிடம் யாருடி சொல்வது?