பத்து மணி புக்கிங்

ஒரு மணி நேரத்துக்குப் புக் செய்திருந்த மாளிகை. அதில் பதினைந்து நிமிடம் ரோட்டிலேயே போய்விட்டது.

"ஏனுங்க, மறுபடியும் அதே பாலத்துக்கு வந்துட்டமுங்க," என்றாள் கருணாம்பிகை. இது மூன்றாவது முறை.

"மேப் சொல்ற வழியிலதான் அம்மணி போறேன்," என்றார் வெள்ளியங்கிரி.

மேப் பேச்சை நிறுத்தி ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. மூன்று பேர் போனிலும் சிக்னல் இல்லை. பின் சீட்டில் கேமராப் பையை மடியில் வைத்தபடி சைத்ரா வாட்சைப் பார்த்தாள். சிங்காநல்லூரில் ஸ்டுடியோ வைத்திருப்பவள். இவர்களுக்காகவே கூட வந்திருந்தாள்.

"பத்துலேருந்து பதினொண்ணு வரைக்குந்தான் சார். அதுக்கு மேல ஒரு நிமிஷம் தர மாட்டோம்னு மெசேஜ்லயே போட்டிருக்காங்க."

வெள்ளியங்கிரி கணபதியில் லேத் பட்டறை நடத்துகிறவர். வேலையில் ஒரு நூல் பிசகினாலும் விடமாட்டார். ஆனால் அவர் கல்யாணத்திலேயே ஒரு பெரிய பிசகு நடந்து போயிருந்தது. அன்று எடுத்த பிலிம் ரோலை ஸ்டுடியோக்காரர் கழுவும்போது பாழாக்கிவிட்டார். ஒரு படம்கூடத் தேறவில்லை. கருணாம்பிகை அதற்காக ஒருநாளும் சண்டை போட்டதில்லை. போட்டிருந்தால் அவரும் திருப்பிப் பேசிவிட்டு மறந்திருப்பார். ஆனால் யார் வீட்டுக்குப் போனாலும், சுவரில் மாட்டியிருக்கும் கல்யாணப் போட்டோவின் முன்னால் போய் அவள் ஒரு நிமிடம் சும்மா நிற்பாள். அந்த ஒரு நிமிடத்தை மனுஷன் இருபத்தைந்து வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இன்று இருபத்தைந்தாவது கல்யாண நாள். பழனிக்குப் போகிற வழியில், உடுமலையைத் தாண்டி, நல்லமங்கலம் ஜமீன் மாளிகை. இருநூறு வருடத்துப் பழசு. போட்டோ எடுக்கிறவர்களுக்குத் தனியாக ஒரு மணி நேரம் விடுகிறார்கள். உடை, நகை, காப்பி, சாமான் நகர்த்த ஆள் எல்லாம் பேக்கேஜிலேயே அடக்கம். இன்றைக்கு விட்டால் அடுத்த ஆறு மாதத்துக்கு இடமில்லை என்று சொல்லியிருந்தார்கள். கல்யாணப் போட்டோ என்ற ஒன்று அவள் சுவரில் ஏற வேண்டுமானால் இன்றுதான் ஏற வேண்டும்.

தென்னந்தோப்பைச் சுற்றித் திரும்பியதும் கட்டடம் கண்ணில் பட்டது. முன்னால் எட்டுத் தூண், ஓட்டுக் கூரை, ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு கதவு. கேட் திறந்தே கிடந்தது. வெள்ளை வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். கார் நின்றதும் அவரே ஓடி வந்து கதவைத் திறந்தார்.

"வாங்க, வாங்க. வாங்கம்மா. இன்னும் காணமேன்னு இருந்தோமுங்க."

"வழி தப்பிப்போச்சுங்க. பத்து மணின்னு சொல்லிப்போட்டு லேட் பண்ணிட்டோம், மன்னிச்சுக்கோணும்."

"பத்துன்னா முன்னப் பின்ன ஆகத்தானுங்க செய்யும். உள்ள வாங்க."

வெள்ளியங்கிரி புக்கிங்கைக் காட்டப் போனை எடுத்தார். பெரியவர் அந்தப் போனைப் பார்க்கவே இல்லை.

"அதெல்லாம் எதுக்குங்க? உங்களப் பாத்தாத் தெரியாதுங்களா?"

வெள்ளியங்கிரிக்கு அப்படியே உள்ளம் குளிர்ந்தது. கல்யாண மண்டபத்தில்கூட டோக்கன் கேட்கிற காலம் இது. "ஜமீன் வாரிசு போலிருக்குது. அவரே வாசலுக்கு வந்து நிக்கறாரு பாரு," என்று மனைவியின் காதில் சொன்னார்.

கூடத்துக்குள் நுழைந்தால் பன்னிரண்டு பேர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். இவர்களைக் கண்டதும் அத்தனை பேரும் எழுந்து கும்பிட்டார்கள். வெள்ளியங்கிரியும் கும்பிட்டுவிட்டு வாட்சைப் பார்த்தார். பதினொரு மணிப் பார்ட்டி இப்போதே வந்து உட்கார்ந்துவிட்டதே.

பெரியவரை ஓரமாகக் கூப்பிட்டார். "தப்பா நினைக்கக் கூடாதுங்க. தனியாத்தான் வேணும்னு முன்னாலயே சொல்லியிருந்தோம். இத்தன பேரு பாத்துட்டிருந்தா எங்க அம்மணிக்குக் கூச்சம்."

பெரியவரின் முகம் ஒரு கணம் சுருங்கியது. பிறகு பெரிய மீசை வைத்த ஒருவரிடம் போய்க் குனிந்தார்.

"மாமா, அவங்களுக்குக் கூட்டம் ஆகாதாமுங்க. எல்லாரும் கொஞ்சம் தோட்டத்துப் பக்கம் போயிருங்க."

"என்னையுமா?"

"உங்களையுந்தானுங்க மாமா."

பன்னிரண்டு பேரும் கையில் மிக்சர் தட்டோடு பின்கட்டுக்கு நடந்தார்கள். மீசைக்காரர் வாசற்படியில் நின்று ஒருமுறை வெள்ளியங்கிரியைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார். அந்தப் பார்வையில் மரியாதை கொஞ்சம் குறைச்சலாகத்தான் இருந்தது.

கூட்டம் போனதும் காப்பி வந்தது. பெரியவரின் மனைவி வெள்ளி டம்ளரில் கொண்டுவந்தார்.

"காப்பி அப்புறம் குடிச்சுக்கறமுங்க. நேரம் போகுது," என்றார் வெள்ளியங்கிரி.

"ஊட்டுக்கு வந்தவங்க வாயி நனைக்காம எப்படிங்க?"

அதற்கு மேல் மறுக்க வெள்ளியங்கிரியும் நம் ஊர்க்காரர்தானே. ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "நீயும் வெரசாக் குடி," என்று மனைவியின் பக்கம் திரும்பினார். திரும்பிய வேகத்தில் முழங்கை இடித்தது. இன்றைக்கென்றே எடுத்த சந்தன நிறப் பட்டுச் சேலையில் கால் டம்ளர் காப்பி.

கருணாம்பிகை சேலையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். "விடுங்க. நமக்குப் போட்டோ ராசியே இல்ல," என்றாள். சத்தம் போடவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

மணி பத்து முப்பது.

"ஏனுங்க அம்மா," என்று பெரியவரின் மனைவியிடம் திரும்பினார். "சேலை தருவீங்கன்னு சொன்னாங்க. ஒண்ணு கொஞ்சம் கிடைக்குமுங்களா?"

அந்தம்மாள் ஒரு நொடி விழித்தார். பிறகு, "தராம இருப்பமுங்களா? ஹாரிகா, இங்க வா கண்ணு," என்று உள்ளே குரல் கொடுத்தார்.

பட்டுச் சேலையும் தலையில் பூவுமாக ஓர் இளம்பெண் வந்து கருணாம்பிகையை உள்ளே அழைத்துப் போனாள். இங்கே வேலைக்கு இருக்கிற பெண்ணுக்குக்கூடப் பட்டுதான் யூனிபார்ம் போலிருக்கிறது என்று வெள்ளியங்கிரி வியந்தார்.

காத்திருந்த நேரத்தில் தூண்களைத் தட்டிப் பார்த்தார். தேக்கு. பட்டறைக்காரருக்குப் பொருளின் தரம் தெரியாமல் இருக்குமா?

"இத்தனை பெரிய எடத்தை உங்களுக்கப்புறம் யாருங்க பாத்துக்குவாங்க?"

"ஒரே மகதானுங்க. எல்லாம் அவ பேருக்குத்தான்," என்றார் பெரியவர். துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நல்லாச் செஞ்சீங்க. பொண்ணு பேர்ல இருந்தாத்தான் நிக்கும்."

ஹாரிகா ஏதோ எடுக்க வெளியே வந்தாள். வெள்ளியங்கிரி சும்மா இருப்பாரா? "என்ன படிச்சிருக்கே கண்ணு?"

"எம்.எஸ்சி. அக்ரிங்க. உடுமலைல வேலைக்குப் போயிட்டிருக்கேன்." சற்று நிறுத்தி, அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். "எப்பவும் போவேனுங்க. விட மாட்டேன்."

வேலை நாளில் அங்கே, லீவு நாளில் இங்கே போலிருக்கிறது. என்ன சுறுசுறுப்பான பெண்.

"எதுக்குக் கண்ணு விடோணும்? படிச்ச படிப்பு இருக்குதில்ல? விடுன்னு எவனாச்சும் சொன்னா அவன் ஊட்டுப் படியேறாதே."

பெரியவருக்குப் புரையேறியது. ஹாரிகா சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அடுத்த நிமிடம் கருணாம்பிகை அரக்கு நிறப் பட்டில் வந்து நின்றாள். சைத்ரா கேமராவை எடுத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"சார், இவ்வளவு கனமான சேலைக்குக் கழுத்து வெறுமையாத் தெரியுது."

"அய்யா, நகை இருக்குதுங்களா?" என்று கேட்டார் வெள்ளியங்கிரி. பேக்கேஜில் இருப்பதைக் கேட்பதற்கு என்ன வெட்கம்?

பெரியவரும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தம்மாள் உள்ளே போய்ப் பெட்டியையே தூக்கி வந்தார். ஆரம், வளையல், ஒட்டியாணம் என்று மேஜை மேல் பரப்பினார். பெரியவர் கையைக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார்.

"இருக்கறது இவ்வளவுதானுங்க. பத்தாதுன்னாச் சொல்லுங்க, செஞ்சு போட்டுரலாம்."

வெள்ளியங்கிரி பதறிப்போனார். ஒரு போட்டோவுக்காகப் புதுசாக நகை செய்கிறேன் என்கிறாரே, இப்படியும் ஒரு மனுஷன் உண்டா?

"அய்யோ, எதுக்குங்க இத்தனை? இந்த அட்டிகை ஒண்ணு போதும். மிச்சத்த உள்ள கொண்டு போயி வைங்க. நகையப் பாத்துட்டிருந்தா பொண்ணை யாருங்க பாப்பாங்க?"

பெரியவரின் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே பெட்டியை மூடினார். கதவோரம் நின்ற ஹாரிகா வெள்ளியங்கிரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கருணாம்பிகை அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "ஏனுங்க, உள்ள பிரிட்ஜ்ல இட்லி மாவு இருக்குது. சொவுத்துல கரண்ட் அட்டை தொங்குது. இது மாளிகைதானுங்களா?"

"வாரிசுங்க குடியிருக்கறாங்க அம்மணி. ஜமீனா இருந்தா இட்லி திங்கக் கூடாதா? நீ போய் நில்லு."

பெரியவரும் வெள்ளியங்கிரியுமாக நாற்காலிகளைத் தூக்கி ஓரம் போட்டார்கள். டி.வி.யைத் துணியால் மூடினார்கள். சைத்ரா குறி பார்த்தாள்.

"சார், ஜன்னல்ல மீசை தெரியுது."

ஜன்னலைச் சாத்தினார்கள். கூடம் இருட்டாகிவிட்டது. வெளிச்சத்துக்காகப் பின்கதவைத் திறந்தால், தோட்டத்தில் பன்னிரண்டு பேரும் வரிசையாக நின்று உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்கதவைச் சாத்திவிட்டு முன்கதவைத் திறந்தால், மீசைக்காரர் வீட்டைச் சுற்றிக்கொண்டு முன்பக்கமே வந்துவிட்டார்.

"தனியாப் பேசோணும்னாங்க. போட்டோ எதுக்கு எடுக்கறாங்க?" என்று பெரியவரை அதட்டினார்.

"இப்ப அதுதான் வழக்கமோ என்னவோ மாமா. வந்தவங்க கிட்ட எப்படிக் கேக்கறது?"

கடைசியில் ஹாரிகாதான் மீசை மாமாவின் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் மாமர நிழலில் உட்கார வைத்தாள். மணி பத்து ஐம்பத்தைந்து.

பெரிய கதவின் இரண்டு பக்கமும் திறந்திருக்க, வெயில் நேராகக் கூடத்தில் விழுந்தது. கருணாம்பிகை முந்தானையைச் சரிசெய்துகொண்டு அவர் பக்கத்தில் வந்து நின்றாள். வெள்ளியங்கிரி கேமராவைப் பார்க்க மறந்து போனார். கல்யாணத்தன்று மேடையில் ஓமப் புகையிலும் சொந்தக்காரர் கூட்டத்திலும் அவர் சரியாகப் பார்க்காமல் விட்ட முகம் அது. இவ்வளவு அழகியோடா இருபத்தைந்து வருடம் மின்சாரக் கட்டணத்தைப் பற்றியும் பட்டறை வேலையைப் பற்றியும் மட்டும் பேசிக்கொண்டிருந்தோம் என்று நினைத்தார்.

"சார், இங்க பாருங்க," என்றாள் சைத்ரா. பிறகு, "வேண்டாம், அப்படியே இருங்க," என்று அழுத்தினாள்.

கேமராவின் சின்னத் திரையில் அந்தப் படத்தைக் காட்டினாள். அதில் வெள்ளியங்கிரி மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வெட்கத்தோடு சிரித்துக்கொண்டிருந்தாள். கருணாம்பிகை அதை வாங்கி ஒரு நிமிடம் பார்த்தாள். அதற்கு மேலும் பார்த்தாள். அப்புறம் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சரியாகப் பதினொரு மணிக்குக் கிளம்பினார்கள். அட்டிகையைக் கழற்றிக் கொடுத்தார்கள். சேலையை மட்டும் அந்தம்மாள் திரும்ப வாங்கவே இல்லை. வெற்றிலை, பழம், குங்குமத்தோடு தட்டில் வைத்து ஒரு ரவிக்கைத் துணியும் கொடுத்தார். இதுவும் பேக்கேஜா என்று கேட்க வெள்ளியங்கிரிக்கு நாக்கு எழவில்லை.

கேட்டருகில் நின்று கையெடுத்துக் கும்பிட்டார். "எங்களுக்கு எல்லாமே மனசுக்கு நிறைவுங்க. இந்த மாதிரி மனுஷங்கள நாங்க எங்கயும் பாத்ததில்லீங்க."

"எங்களுக்குந்தானுங்க," என்றார் பெரியவர். கண் கலங்கியிருந்தது. "இப்படி ஒரு குணத்தை நாங்க எதிர்பாக்கவே இல்லீங்க."

அப்போது ஒரு மொபெட் புழுதி கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. காக்கிச் சட்டை போட்ட வாட்ச்மேன் இறங்கினார். சைத்ராவின் தோளில் தொங்கிய கேமராவைக் கண்டதும் அவருக்கு உயிர் வந்தது.

"அம்மணி, நல்லமங்கலம் மாளிகைக்குப் போட்டோ எடுக்க வந்தது நீங்கதானுங்களா? உங்களத் தேடி நாலு ரோடு சுத்திட்டேன். பத்து மணிப் பார்ட்டி ஒரு மணி நேரமாக் காத்துட்டிருக்குதுங்க. பையனுக்குத் தலப்பாக் கட்டி, வாளு குடுத்து, சிம்மாசனத்துல உக்கார வெச்சாச்சு. அவங்கப்பா எந்திரிச்சு எந்திரிச்சுச் சத்தம் போடறாரு."

"பத்து மணி புக்கிங் எங்களுதுங்களே," என்றார் வெள்ளியங்கிரி.

"உங்களுதுங்களா? அப்பறம் ஏனுங்க இங்க நிக்கறீங்க? மாளிகை அடுத்த ஊர்லதானுங்களே இருக்குது."

வெள்ளியங்கிரி மெதுவாகத் திரும்பிப் பெரியவரைப் பார்த்தார். "அப்ப இது?"

"நம்ம ஊடுங்க," என்றார் பெரியவர்.

"அப்ப அங்க தலப்பாவோட உக்காந்திருக்கறது?"

பெரியவர் மகளைத் திரும்பிப் பார்த்தார். பின்னாலிருந்து ஹாரிகாதான் நிதானமாகப் பதில் சொன்னாள்.

"என்னையப் பொண்ணு பாக்க இன்னிக்குப் பத்து மணிக்கு வரதாச் சொன்னவங்களா இருக்குமுங்க. அவங்க அப்படியே போகட்டும்ப்பா. இவங்களுக்குப் பையன் இருக்கானான்னு முதல்ல கேளுங்க."