சி.டி.சி. மாமாவின் மொத்தச் செலவு

குலம் கோத்திரம் கேட்காமல், "இவனால் முதலாளிக்கு என்ன செலவு?" என்று மட்டுமே மனிதர்களை எடைபோட்ட ஒரே ஜீவன் திருவனந்தபுரத்திலேயே எங்கள் சி.டி.சி. மாமாதான். ஓர் ஊழியருக்காகக் கம்பெனி செலவழிக்கிற மொத்தத் தொகைக்கு ஆபீஸ் பாஷையில் சி.டி.சி. என்று பெயர். மாமா வலியசாலைக்காரர். கிழக்கேகோட்டையில் நான் வேலை பார்க்கும் மின்சாமான் கம்பெனியில் சம்பளப் பிரிவு அவருடையது.

சம்பளம், பி.எஃப்., ஓணம் போனஸ் இதையெல்லாம் எல்லாக் கம்பெனியிலும் சேர்ப்பார்கள். மாமா நாலு மணி டீயையும் அதோடு தின்னத் தரும் பழம்பொரியையும் ஃபேன் காற்றையும்கூடச் சேர்ப்பார். "சம்பளம் போதலை மாமா" என்று யாராவது வாயைத் திறந்தால் தொலைந்தார்கள்.

"ஃபேனுக்கு நேர் கீழே ஒக்காந்துண்டு பேசற பேச்சா இது? ஒன்னை வச்சுத் தீனி போடற கஷ்டம் முதலாளிக்கன்னா தெரியும்!"

எனக்குப் பெண் கொடுக்க வந்தவர் என் சம்பளத்தை இவரிடம் போய் விசாரித்தார். மாமா பழம்பொரி உட்பட மொத்தத்தையும் சொல்லிவிட்டார். கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. முதல் மாதம் நான் கொடுத்த சம்பளத்தைப் பார்த்த மனைவி, "பாக்கி எங்கே?" என்றாள். தின்றுவிட்டேன் என்று சொல்வதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

பெரிய முதலாளி காலமானதும் மகன் பொறுப்புக்கு வந்தார். செலவு கூடிவிட்டது, ராதாமணியை நிறுத்திவிடலாமா என்று எங்கள் எல்லோர் முன்னாலும் மாமாவைக் கேட்டார். ஆபீஸைப் பெருக்கி, டீ போடுகிறவர் ராதாமணி. புருஷன் இல்லை, படிக்கிற பெண்கள் இரண்டு பேர். டீத் தட்டும் கையுமாக அப்படியே நின்றுவிட்டார்.

"அவளை நிறுத்தி என்ன மிச்சமாகும் சாரே? இங்கே ஜாஸ்தி செலவு வேறே ஆளாக்கும்" என்றார் மாமா.

"யாரு?"

"நானாக்கும்! வருஷா வருஷம் இன்க்ரிமென்ட் வாங்கி வீங்கிப் போயிருக்கேன். என்னைக் குறைச்சா இவளுக்குக் கூட்டியும் கொடுக்கலாம், மிச்சமும் வரும்."

வழக்கமான கூத்து என்று நாங்கள் சிரித்தோம். சின்ன முதலாளி சிரிக்கவில்லை. அடுத்த மாதம் மாமாவின் நாற்காலி காலியாக இருந்தது.

அவர் போய்ச் சில மாதங்களிலேயே ராதாமணியையும் அனுப்பிவிட்டு, பெருக்குவதைக் கான்ட்ராக்டுக்கு விட்டார்கள். மாமாவிடம் போய் இதைச் சொல்ல எங்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை.

போன வாரம் வலியசாலையில் அவரைப் பார்த்தேன். இளைத்துப் போயிருந்தார். முதல் கேள்வியே, "ராதாமணிக்குச் சம்பளம் கூட்டினாளோடா?" என்பதுதான்.

"கூட்டினா மாமா. ஓணத்துக்குப் போனஸும் கொடுத்தா."

முகம் மலர்ந்தது. மறுநிமிஷமே சுருங்கிவிட்டது.

"இவ்வளவும் கொடுத்தா கம்பெனி தாங்குமாடா?" என்று நிஜமாகவே கவலைப்பட்டார்.

அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். விட மனசு வரவில்லை.