மேலிடம் அறியாத தோள்

ஈட்டி எறிகிறவர்களுக்குத் தங்கள் தோள் எங்கே இருக்கிறதென்று தெரியுமா? பெங்களூரிலுள்ள ஒரு விளையாட்டு அறிவியல் மையத்துக்கு இந்த ஐயம் எழுந்து, அதைத் தீர்க்க மெஷினும் வந்து இறங்கிவிட்டது. அதில் தேறினால்தான் தேசிய முகாம். முகாமுக்குப் போனால்தான் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை. ஜீவனஹள்ளி இளவேனில் அந்த வேலையை நம்பித்தான் இத்தனை வருஷம் ஈட்டியோடு மாரடித்தாள்.

கண்ணைக் கட்டி, தலையில் ஒயர் தொங்கும் தொப்பி மாட்டினார்கள். கையை ஓர் உயரத்துக்குத் தூக்கி இறக்கிவிட்டு, அதே இடத்துக்கு அவளாகவே தூக்கச் சொன்னார்கள். ஒவ்வொரு தடவையும் கை துல்லியமாக அங்கேயே போய் நின்றது.

இணை இயக்குநர் ராஜேஷ்குமார் திரையைப் பார்த்து முகம் சுளித்தார். மூளைப் படம் முழுக்க நீலம்.

"ஏம்மா, மூளை வேலையே செய்யலையே?"

"கை சரியா நின்னுச்சே சார்."

"நின்னுச்சு. யாரைக் கேட்டு நின்னுச்சு? மேலிடத்துக்குத் தெரியாம கீழே வேலை நடந்திருக்கு. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா யார் பொறுப்பு?"

பயிற்சியாளர் க்ளெனுக்குப் பொறுக்கவில்லை. "பழகின கைக்கு மூளை ரொம்ப மெனக்கெடாது சார். அதான் திறமை. நீங்க கார் ஓட்டறப்ப கியரைப் பத்தி யோசிக்கிறீங்களா?"

"எனக்கு டிரைவர் இருக்கார்," என்றார் ராஜேஷ்குமார்.

அடுத்து வந்த ஷோபாவின் கை, காதுவரை போக வேண்டியது, இடுப்போடு நின்றுவிட்டது. மூளையோ செக்கச்செவேல். "இதுதான் ஈடுபாடு," என்று அவளை அங்கேயே தேர்ந்தெடுத்தார். கை அசையும் முன் மூளையிடம் அனுமதி பெற்றுப் பழகி, மறுதேர்வுக்கு வரும்படி இளவேனிலுக்கு அறிவுறுத்தப்பட்டது.

பழகினாள். வேறென்ன செய்வாள்? தூக்கட்டுமா, இன்னும் தூக்கட்டுமா, போதுமா என்று ஒவ்வொன்றுக்கும் உள்ளுக்குள் மனுப் போட்டாள். மறுதேர்வில் கை எங்கோ போனது. திரை சிவந்தது. மையமே கைதட்டியது. க்ளெனும் தட்டினார். பாவம், அவருக்கும் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டியிருந்தது.

முகாமில் எல்லாருமே சிவந்த மூளைக்காரர்கள். ஈட்டியைப் பிடித்தபடி ஆழ்ந்து யோசித்தார்கள். ஈட்டிகள் காலடியில் விழுந்தன. இளவேனிலுடையது மட்டும் பின்பக்கமாகப் போய் விருந்தினர் பந்தலைக் கிழித்தது. அடுத்து வந்த போட்டிகளில் பதக்கம் ஒன்றும் வரவில்லை. மூளைச் செயல்பாட்டில் வரலாறு காணாத முன்னேற்றம் என்று அறிக்கை வந்தது. அவளுக்கு வேலையும் வந்தது, அதே மையத்தில், தேர்வு அதிகாரியாக.

முதல் வருஷம் ஒவ்வொருவரிடமும் யோசித்து யோசித்துத்தான் பேசினாள். அப்புறம் வேலை கைவந்துவிட்டது. ஒருநாள் சந்தாபுராவிலிருந்து வைஷ்ணவி என்றொரு பெண் வந்தாள். கண்ணைக் கட்டியதும் கை துல்லியமாகப் போய் நின்றது. திரை நீலம்.

"யாரைக் கேட்டும்மா கையைத் தூக்கினே?" என்றாள் இளவேனில்.

அந்த நேரத்தில் அவள் தலையில் யாராவது தொப்பி மாட்டியிருந்தால், திரை இன்னும் நல்ல நீலமாக இருந்திருக்கும்.