எங்காத்தில் முற்றதிகாரம்

சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு வீட்டிலாவது புருஷன் பேச்சு எடுபட வேண்டும், அது என் வீடாக இருக்க வேண்டும் என்று இரண்டாயிரத்து நாலாம் வருஷ நவராத்திரியில் முடிவு செய்தேன். நான் சக்ரவர்த்தி. பெயர்தான் அப்படி. தொழில், பள்ளிக்கூடத்தில் சரித்திர வாத்தியார்.

காரணம் என் மகள் லக்ஷணா. சென்னையில் வேலை கிடைத்துவிட்டது, ஹாஸ்டலில் தங்கப் போகிறேன் என்றாள். கூடாது என்றேன். போகட்டும் என்றாள் என் மனைவி வரலக்ஷ்மி. எங்கள் வீட்டில் ஓட்டெடுப்பு வைத்தால் முடிவு எப்படி வரும் என்று தெருவுக்கே தெரியும். உண்மையில் எனக்குப் பயம். அவள் போய்விட்டால் வீடு வெறிச்சென்று ஆகிவிடும். அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருந்தது.

வழி காட்டியது, லக்ஷணாவின் கம்ப்யூட்டரில் நான் ஆடிவந்த விளையாட்டு. கற்காலத்தில் நாலு குடிசையோடு தொடங்கி ராக்கெட் காலம்வரை ஒரு நாட்டை ஆள வேண்டும். மன்னராட்சி வைத்தேன், கலகம். மக்களாட்சி வைத்தேன், இன்னும் பெரிய கலகம். கடைசியில் டோட்டாலிடேரியனிசம் என்று ஒரு பட்டன் இருந்தது. முற்றதிகாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய கொடுங்கோலன் வரியைப் பிடுங்கிக்கொண்டு, வீட்டுக்குள் முணுமுணுக்கவாவது விட்டுவிடுவான். இதில் முணுமுணுப்பும் அரசாங்கச் சொத்து. அழுத்தினேன். எல்லா நகரங்களிலும் ஜனங்கள் சிரித்தார்கள். எல்லோருக்கும் ஒரே சிரிப்பு. மக்கள் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள் என்று மந்திரி செய்தி அனுப்பினார்.

அன்று சாயங்காலமே கொலுவுக்கு முன்னால் நின்று சட்டம் போட்டேன். சென்னைப் பேச்சை யாரும் எடுக்கக் கூடாது. நான் கேட்டாலொழிய யாரும் எதையும் சொல்லவும் கூடாது. எதிர்வீட்டில் பட்டுத்தறி போட்டிருக்கும் மணியம்மாளை ஒற்றராக நியமித்தேன். சம்பளம், எங்கள் வீட்டுச் சுண்டல்.

சண்டைக்குத் தயாராக நின்றேன். சரி என்றாள் மனைவி. சரி என்றாள் மகள். இருவரும் சிரித்தார்கள்.

அதற்குப் பிறகு வீட்டில் சத்தமே இல்லை. நினைப்பதற்குள் காபி வந்து நின்றது. கொண்டுவந்தவளின் காலடி கேட்கவில்லை. சாத்தமுதில் உப்பில்லை என்று வாயைத் திறப்பதற்குள் உப்பு வந்தது. அடுக்களையில் பாத்திரங்கள்கூட ஒன்றோடொன்று பேசிக்கொள்ளவில்லை. ஒரு மத்தியானம் கூடத்துக்குள் நுழைந்தேன். படியில் பொம்மைகள், படிக்குக் கீழே அம்மாவும் பெண்ணும். எல்லோரும் ஒரே மாதிரி என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். தலையாட்டி பொம்மையின் தலை மட்டும் மெல்ல ஆடியது. மின்விசிறி ஓடவில்லை, காற்றும் இல்லை.

ஒற்றரிடம் ஓடினேன். மணியம்மாள் தறியை நிறுத்தினாள். தெருவே மூச்சை நிறுத்தின மாதிரி இருந்தது.

"உங்க வூட்லயா சார்? எல்லாம் நல்லா இருக்குது சார்."

அவள் முகத்திலும் அதே சிரிப்பு.

சரஸ்வதி பூஜை வந்தது. புத்தகங்களோடு கம்ப்யூட்டரையும் கொலு முன்னால் வைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, பட்டுத்துணி போர்த்தினோம். விஜயதசமி காலையில் பூஜை முடித்துத்தான் எடுக்க வேண்டும். அதுவரை யாரும் தொடுவதில்லை.

விஜயதசமி விடிந்தது. பூஜையை முடித்தேன். லக்ஷணா புதுப் புடவை கட்டிக்கொண்டு வந்து என்னைச் சேவித்தாள். ராஜபக்தி என்று பூரித்துப்போனேன். எடுத்த காரியம் ஜெயிக்கட்டும் என்று வாய் நிறைய ஆசீர்வாதம் செய்துவிட்டு வரதராஜர் கோயிலுக்குப் போனேன்.

திரும்பி வந்தபோது வீட்டில் ஆள் அரவம் இல்லை. பட்டுத்துணி மடித்து வைத்திருந்தது. கம்ப்யூட்டர் தானே ஓடிக்கொண்டிருந்தது. நான் இல்லாமலே என் நாடு நடந்திருக்கிறது. கண்ணும் கருத்துமாக நான் காத்துவந்த கடற்கரை நகரம், சண்டை இல்லாமல், கலகம் இல்லாமல், சிரித்த முகத்தோடு பக்கத்து நாட்டில் சேர்ந்துவிட்டது. மக்கள் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள் என்று மந்திரியின் செய்தி மட்டும் அப்படியே இருந்தது.

லக்ஷணாவைக் கூப்பிட்டேன். பொம்மைகள் சிரித்தன. அடுக்களையிலிருந்து வரலக்ஷ்மி வந்தாள்.

"லக்ஷணா எங்கே?"

"வாலாஜாபாத் தாண்டியிருப்பா. தாம்பரத்துல எங்கண்ணா நின்னு ஹாஸ்டல்ல கொண்டு விடறார்."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"அந்தப் பேச்சை எடுக்கப்படாதுன்னு நீங்கதானே சொன்னேள்."

"என்னைக் கேக்காமயா போனா?"

"கார்த்தால சேவிச்சுட்டுத்தானே போனா? எடுத்த காரியம் ஜெயிக்கட்டும்னேளே. குழந்தைக்கு அழுகையே வந்துடுத்து."

சட்டமும் என்னுடையது, ஆசீர்வாதமும் என்னுடையது. யாரைக் கோபித்துக்கொள்வது? திரையைக் காட்டி, இந்த நகரத்தை யார் விட்டது என்று மட்டும் கேட்டேன்.

"நான்தான். விஜயதசமியும் அதுவுமா புதுசா ஒண்ணு கத்துக்கணுமோல்லியோ? கிளம்பறதுக்கு முன்னாடி அவதான் சொல்லிக்கொடுத்தா," என்றாள். அவள் கண்ணும் சிவந்துதான் இருந்தது. "ஞாயித்துக்கிழமை வருவா. கொஞ்சம் தள்ளி உக்காருங்கோ, இப்போ என் முறை."

சரி என்று நகர்ந்தேன். சந்தனம் காய்ந்திருந்த கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. அதே சிரிப்பு.