தனக்கோடியின் கொப்பு

“கம்பியா? கம்பி மாட்டிக்கினு போறதுக்கா செங்கல்பட்டு வரைக்கும் பஸ்ஸுல நின்னுகினே வந்தேன்?”

பத்தர் உலகநாதன் தன் கையிலிருந்த மெல்லிய பொன் கம்பியைப் பார்த்தார். பிறகு தனக்கோடியின் காதைப் பார்த்தார். அப்போதுதான் இரண்டு மேல் காதும் குத்தி முடித்திருந்தார். முந்தானையைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளுக்குக் கண்ணீர் இன்னும் நிற்கவில்லை. வாய் மட்டும் நிற்குமா என்ன?

“இது கீழ் காது மாதிரி சதை இல்லம்மா, எலும்பு. ஆறுறதுக்கு மாசக்கணக்கா ஆவும். மொதல்ல லேசா கம்பி போடலாம், கொப்பு அப்பறம்.”

“அடுத்த மாசம் கல்யாணம் பத்தரே! கம்பியோட நின்னா அந்த மாபலிபுரத்தா சிரிப்பா. கொப்பையே மாட்டுங்க.”

மாபலிபுரத்தாள் என்றால் வருங்காலச் சம்பந்தி ஜெகதாம்பாள். அவள் மகள் கல்யாணியைத்தான் தனக்கோடியின் மகன் பக்தவச்சலத்துக்குப் பேசி முடித்திருந்தார்கள். தட்டு மாற்றிய அன்று ஜெகதாம்பாள் இரண்டு மேல் காதிலும் கொப்பு மினுமினுக்க வந்து உட்கார்ந்து, அத்தனை பேர் நடுவில் கேட்டாள்:

“இன்னா சம்பந்தி, மேல் காது மூளியா கீது? எனுக்குக் குத்துனப்போ ஒரு சொட்டுக் கண்ணீர் விடல. சதுரங்கப்பட்டினத்துப் பொம்பளைங்க வலி தாங்க மாட்டாங்களோ?”

மீன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு தினம் கல்பாக்கம் வரை நடக்கிறவளைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? தனக்கோடிக்கு அன்று சோறு இறங்கவில்லை. கல்யாணத்தன்று அவள் எதிரில் கொப்போடு நிமிர்ந்து நிற்க வேண்டும். இல்லாவிட்டால் ஆண்பிள்ளையைப் பெற்று என்ன பிரயோஜனம்?

“புலியப் பாத்து பூனை சூடு போட்டுக்கிச்சாம்” என்றான் கூட வந்திருந்த புருஷன் சிங்காரம்.

“இன்னாய்யா, நான் பூனையா?”

அதற்கு மேல் வாயைத் திறக்க அவனுக்கென்ன பைத்தியமா?

பத்தர் தலையில் அடித்துக்கொண்டு கொப்பையே மாட்டினார். இரண்டே நாளில் காது பணியாரமாக உப்பிவிட்டது. இந்தப் பக்கமும் படுக்க முடியவில்லை, அந்தப் பக்கமும் படுக்க முடியவில்லை.

“பொன்னு ஒனக்கு ஒத்துக்கல போல கீது” என்று பக்கத்து வீட்டு ஆராயி வந்து பார்த்தாள். “கழட்டிட்டு வேப்பங்குச்சி சொருவு. எந்தப் புண்ணும் ஆறிப்பூடும்.”

சொருகினாள். ஆறத்தான் ஆரம்பித்தது. ஆனால் வியாபாரத்துக்குப் போன இடத்தில், கூடையை இறக்கும்போது சும்மாட்டுத் துணி குச்சியில் மாட்டிக்கொண்டது. குச்சி உள்ளேயே முறிந்தது. அவள் போட்ட கூச்சலில், மீன் வாங்க வந்தவள் பேரமே பேசாமல் வாங்கிக்கொண்டு ஓடிவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் சிங்காரம் ஊசியால் குச்சியை நெம்பி எடுத்தான். எடுத்ததோடு விட்டிருக்கலாம்.

“நைலான் நரம்பு போட்டுக்கமே. கனம் கெடையாது, உப்புத் தண்ணி பட்டாலும் ஒன்னும் ஆவாது.”

கரைக்கு நைலான் வந்த புதிது. சிங்காரத்துக்கு அதன்மேல் அப்படி ஒரு மோகம். வலை, துணிக்கொடி, அரைஞாண் எல்லாம் நைலான்தான். இப்போது பெண்டாட்டி காதும் சேர்ந்தது.

“இது சுறா முடிச்சுமே. சுறாவே இழுத்தாலும் அவுறாது.”

சுறா எதற்கு வந்து இவள் காதை இழுக்கப் போகிறது? அவனும் யோசிக்கவில்லை, அவளும் கேட்கவில்லை. காது இன்னும் வீங்கி, முடிச்சு சதைக்குள் போய்ப் பதுங்கிக்கொண்டது.

“அய்யோ, அவுருய்யா!”

“அவுறாதுமே. அதத்தான நானும் சொன்னேன்.”

மறுபடியும் செங்கல்பட்டு. பத்தர் கத்தரியை எடுத்தார். நரம்பை வெட்டி எடுத்துவிட்டு அதே பொன் கம்பியை மாட்டினார். வீக்கம் மெல்ல வடிந்தது. புண் ஆறுவதற்குள் கல்யாணம் வந்துவிட்டது.

திருப்போரூர் முருகன் கோயிலில் முகூர்த்தம். குளத்தங்கரையில் சிங்காரம் கெஞ்சினான்.

“கம்பியே அழகாத்தான் கீதுமே. வாணாம், சொன்னா கேளு.”

“உசுரே போனாலும் சரி, அவ வாயால மூளின்னு கேக்க மாட்டேன்!”

கம்பியைக் கழற்றிவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு கொப்பைத் திணித்தாள். கண் இருட்டிக்கொண்டு வந்தது. அப்படியே சிரித்தபடி நடந்தாள்.

எதிரே ஜெகதாம்பாள் சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள். தனக்கோடியின் காதைப் பார்த்ததும் அவள் நடை நின்றது.

“அய்ய, சம்பந்தி! எப்ப குத்தினீங்க? ரொம்ப வலிச்சுதா?”

“இதெல்லாம் ஒரு வலியா? எறும்பு கடிச்ச மாதிரி கூட இல்ல.”

ஜெகதாம்பாளின் முகம் வெளுத்தது. தனக்கோடிக்கு உள்ளம் குளிர்ந்துபோயிற்று. பட்ட பாடெல்லாம் இந்த ஒரு பார்வைக்குத் தகும்!

வழக்கப்படி சம்பந்திகள் ஒருவர் கன்னத்தில் ஒருவர் சந்தனம் பூசிக் கட்டிக்கொண்டார்கள். கன்னம் உரசியதும் தனக்கோடிக்கு உயிர் போனது. வெடுக்கென்று தலையை இழுத்தாள். அவள் தலையில் வைத்திருந்த கனகாம்பரச் சரத்தில் ஜெகதாம்பாளின் கொப்பு மாட்டிக்கொண்டு, கழன்று வந்து தரையில் விழுந்தது.

“அய்யோ முருகா! சம்பந்தி காது அறுந்துபோச்சே!” என்று தனக்கோடி அலறினாள்.

மேளம் நின்றது. மாப்பிள்ளை மணையை விட்டு எழுந்தான். சிங்காரம் தண்ணீருக்கு ஓடினான். ஜெகதாம்பாள் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு, எடுக்கவே மாட்டேன் என்று நின்றாள். பாவம், என்ன வலியோ என்று தனக்கோடிக்கே அழுகை வந்துவிட்டது.

கல்யாணியின் தங்கை அம்சா மட்டும் பதறாமல் குனிந்து, கொப்பை எடுத்து மண்ணை ஊதினாள்.

“காதும் அறுவல, ஒன்னும் அறுவல அத்தே. எங்கம்மாவுக்கு ஊசியப் பாத்தாலே மயக்கம் வந்துரும், மேல் காது குத்திக்கினதே இல்ல. இது கிளிப்பு வெச்ச கொப்பு!”